டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் ஒரு கொப்பி



நீளமான பதிவுதான். வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சிறிய பெட்டி வைத்திருப்பவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாங்க நினைத்திருப்பவர்களும் வாசிக்கலாம். காசு மிஞ்சக் கூடும்.

நாஸ் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டிகளை இப்போது எமது ஊர் வீடுகளிலும் காண்கிறோம். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகன் வாங்கி வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். முன்பு அலுமாரிக்குள் அல்பமாக இருந்தவை எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. கல்யாணப் படங்கள், பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ, மௌத்தான வாப்பா வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், காணி உறுதியின் ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ்கள். ஆசிரியர் வீடென்றால் சுமை இன்னும் கூட. பாமினி எழுத்துருவில் அடித்த காலத்திலிருந்து சேர்த்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் குறிப்புகளும் அதற்குள்தான்.

"ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்டு போனாலும் மத்தது இருக்கும்" என்ற நம்பிக்கையில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மிரர் பெட்டியில் ஒரு டிஸ்க் பழுதானால் அந்த நிமிடத்தில் எதுவும் அழிவதில்லை. அதற்குப் பிறகு நாம் அவசரப்பட்டுச் செய்யும் வேலையில்தான் அழிகிறது. ஆகவே சிவப்பு லைட் எரிந்தால் முதல் வேலை டிஸ்க்கை மாற்றுவதல்ல. வேறொரு டிஸ்க்கில் ஒரு கொப்பி எடுப்பது. மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று ஒரு வகுப்பறை உதாரணத்தோடு பார்ப்போம்.

ஆசிரியர் சொல்வதெழுதல் கொடுக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே வசனத்தை ஒரே நேரத்தில் தங்கள் கொப்பிகளில் எழுதுகிறார்கள். ஒரு பிள்ளை சுகமில்லாமல் நின்றுவிட்டால் மற்றப் பிள்ளையின் கொப்பியில் பாடம் இருக்கும். மிரர் என்பது இவ்வளவுதான். ஆனால் ஆசிரியர் பிழையான வசனத்தைச் சொன்னால் இரண்டு கொப்பியிலும் பிழை. அழிக்கச் சொன்னால் இரண்டிலும் அழியும். வகுப்பறைக் கூரை ஒழுகினால் இரண்டும் நனையும்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையின் மூலம்தான் ரெயிட் என்ற சொல் உலகத்துக்குப் பரவியது. அதில் மிரர் முறைக்கு ரெயிட் 1 என்று இலக்கம் கொடுத்தார்கள். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைப் பாவிப்பதும், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான் அவர்களது நோக்கம். தவறுதலாக அழித்ததையோ, வைரஸ் அழித்ததையோ மீட்டுத் தருவதாக அந்த முறை எப்போதும் வாக்குக் கொடுக்கவில்லை.

2021 ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ், மை புக் லைவ் டுவோ பெட்டிகளை வைத்திருந்த பலர் ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் பெட்டி வெறுமை. யாரோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வந்திருக்கவில்லை. டுவோ என்பது இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி. ஆசிரியர் "அழியுங்கள்" என்றார், இரண்டு பிள்ளைகளும் அழித்தார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மென்பொருள் கியூனெப் நிறுவனப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்கொயின் கேட்டபோதும் மிரர் யாரையும் காப்பாற்றவில்லை.

சரி, இனி டிஸ்க் பழுதாகும் நாளுக்கு வருவோம்.

பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது. லைட் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறுகிறது. வீட்டில் "கொம்பியூட்டர் தெரிஞ்ச" பிள்ளை வந்து ஓஃப் பண்ணி ஓன் பண்ணுகிறார். சரிவரவில்லை. ஒரு டிஸ்க்கைக் கழற்றித் திரும்பப் போடுகிறார். அதுவும் சரிவரவில்லை. மோட்டார் சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார். கடையில் "போர்மட் பண்ணினா சரியாயிடும்" என்கிறார்கள். பெட்டி சரியாகிவிடும் என்பது உண்மைதான். உள்ளே இருந்தவைதான் இருக்காது.

இங்கே மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது, பழுதானதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றுவது. இரண்டாவது, திரையில் பிழையான பொத்தானை அமர்த்துவது. ரிப்பேர் என்பதும் ரீபில்ட் என்பதும் ஒன்று. கிரியேட், இனிஷியலைஸ், போர்மட் என்பவை முற்றிலும் வேறு. முன்னையவை இருப்பதைக் கொப்பி பண்ணும். பின்னையவை புதிதாக ஆரம்பிக்கும்.

மூன்றாவது ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. மிஞ்சியிருக்கும் டிஸ்க்கும் கிழவன்தான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியிருப்போம். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே சூட்டில், ஒரே மின்வெட்டுகளைச் சந்தித்து ஒரே அளவு ஓடியிருக்கும். ஒன்று போய்விட்டதென்றால் மற்றதைப் பற்றியும் கவலைப்படத்தான் வேண்டும். புதிய டிஸ்க்கைப் போட்டதும் நாம் அந்தக் கிழவனிடம் கேட்பது என்ன? முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டு என்கிறோம். 4 டெரா பைட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 150 மெகா பைட் வீதம் நிற்காமல் வாசித்தாலும் 7 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். இடையில் வேறு வேலையும் நடந்தால் ஒரு நாளும் பிடிக்கலாம். பல வருடங்களாக ஒருவரும் திறந்து பார்க்காத படங்கள் இருக்கும் இடத்தில் வாசிக்க முடியாத பகுதி இருந்தால் அது அன்றைக்குத்தான் தெரியவரும்.

"கொப்பி எடுப்பதும் அதே டிஸ்க்கை வாசிப்பதுதானே, அதில் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கொப்பி எடுக்கும்போது எது முதலில் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். வாப்பாவின் குரலும் காணி உறுதியும் முதலில், தரவிறக்கிய படங்கள் கடைசியில் அல்லது வேண்டவே வேண்டாம். பாதியில் டிஸ்க் நின்றாலும் அதுவரை எடுத்தது கையில் இருக்கும். ரீபில்டுக்கு அந்தத் தெரிவு கிடையாது. பெரும்பாலான பெட்டிகள் வெற்றிடங்களையும் சேர்த்து டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கொப்பி பண்ணும். பாதியில் நின்றால் நமக்கு மிஞ்சுவது நின்றுபோன பழைய டிஸ்க்கும் பாதி நிரம்பிய புதிய டிஸ்க்கும்தான்.

ஆகவே நாம் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

1. கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். பீப் சத்தத்தை பெட்டியின் பக்கத்துக்குள் போய் நிறுத்தலாம். அதற்காகக் கரண்டைப் பிடுங்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஓஃப் பண்ணி ஓன் பண்ணாதீர்கள். கிழவனான டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறையும் நின்று எழும்புவது ஒரு பாரம். உள்ளே போய் நிலையைப் பாருங்கள். டிகிரேடட் என்று இருந்தால் ஒரு டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, கோப்புகள் இருக்கின்றன என்று அர்த்தம். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். திரையில் உள்ளதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. கொப்பி எடுங்கள். யூ.எஸ்.பி.யில் பூட்டும் வெளி டிஸ்க் ஒன்று போதும். பெட்டியின் பின்பக்கத்திலேயே யூ.எஸ்.பி. துவாரம் இருந்தால் அதில் பூட்டலாம். இல்லாவிட்டால் மடிக்கணினி வழியாக எடுக்கலாம். முக்கியமானது முதலில். எடுத்து முடிந்ததும் வெவ்வேறு வருடங்களிலிருந்து பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் இருந்து உள்ளே திறக்காத கோப்பும் உண்டு. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். ஏற்கெனவே கொப்பி இருப்பவர்கள் அது எந்தத் திகதியுடையது என்று பாருங்கள். போன நோன்பில் எடுத்த கொப்பி இந்த நோன்புக்கு உதவாது.

3. பழுதான டிஸ்க் எது என்பதை சீரியல் இலக்கத்தால் கண்டுபிடியுங்கள். இடது, வலது என்று நம்ப வேண்டாம். சில பெட்டிகள் தட்டுகளை 0 இலிருந்து எண்ணும், சில 1 இலிருந்து எண்ணும். பெட்டியின் பக்கத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் இலக்கமும் இருக்கும். நல்லதன் இலக்கத்தையும் பழுதானதன் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். கழற்றிய பிறகு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வேறு ஒன்றும் செய்யாமல் அடுத்த படியில் நின்றுவிடுங்கள்.

நல்ல டிஸ்க்கையே கழற்றிவிட்டால்? பதற வேண்டாம். பெட்டியை ஓஃப் பண்ணி, அதே தட்டில் அதே டிஸ்க்கைத் திரும்பப் போட்டு, பிறகு ஓன் பண்ணுங்கள். எழும்பி வந்து புதிதாக ஏதாவது உருவாக்கட்டுமா என்று திரை கேட்டால் ஆம் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

4. புதிய டிஸ்க்கைப் பார்த்து வாங்குங்கள். கொள்ளளவு பழையதற்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் பெட்டி ஏற்காது. நாஸ் பெட்டிக்கென்று செய்த டிஸ்க் நல்லது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எஸ்.எம்.ஆர். என்ற முறையில் எழுதும் டிஸ்க்குகள், கூரை ஓட்டைப் போல ஒன்றின் மேல் ஒன்றாகத் தடங்களை அடுக்கி எழுதுகின்றன. சாதாரண பாவனைக்குப் பரவாயில்லை, மணித்தியாலக் கணக்கில் தொடர்ந்து எழுதும்போது மிகவும் மெதுவாகிவிடக் கூடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் இந்த முறையில் செய்யப்பட்டவை என்பது 2020இல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய சொல் சி.எம்.ஆர். அதோடு பெட்டியை இன்டர்நெட்டில் தேடி, தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்ட டிஸ்க் பட்டியலையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பாவித்ததைத் துடைத்துப் புதிதென்று விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜேர்மனியிலேயே பாவித்த சீகேட் டிஸ்க்குகள் புதியவையாக விற்கப்பட்டது வெளியே வந்தது. ஓடிய மணித்தியாலக் கணக்கையே மாற்றியிருந்தார்கள். அங்கேயே அப்படியென்றால் நாம் வொரண்டி அட்டையையும் சீரியல் இலக்கத்தையும் பார்க்காமல் வாங்கலாமா? தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்தால் வொரண்டி எப்போது முடிகிறது என்று காட்டும்.

5. கரண்டை உறுதிப்படுத்துங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டை அனுபவித்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னதை நாம் மறக்கவில்லை. ரீபில்ட் ஓடும் இரவில் குரங்கு எங்கே பாயும் என்று நமக்குத் தெரியாது. சிறிய யூ.பி.எஸ். ஒன்றில் பெட்டியைப் பூட்டுங்கள். இடி மின்னல் கூடிய பின்னேரங்களில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

6. மாற்றுங்கள். சில பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றலாம், சிலவற்றில் கூடாது. கையேட்டைப் பாருங்கள். சந்தேகமென்றால் முறையாக ஓஃப் பண்ணிவிட்டு மாற்றுங்கள். கழற்றும்போது சுழற்சி நிற்கும் வரை அரை நிமிடம் பொறுங்கள். புதிய டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பூமி இணைப்புள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை விடுவியுங்கள். கார்பட்டில் வைத்து வேலை செய்யாதீர்கள். வேறு பெட்டியில் பாவித்த டிஸ்க்கைப் போடுவதாக இருந்தால் அதில் இருப்பது முழுதும் அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

7. ரிப்பேர் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும். இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிக்கப்படும் என்று சொல்லும். "இந்த" என்பது எது? அங்கேதான் உங்கள் தாள் உதவும். காட்டும் இலக்கம் புதிய டிஸ்க்குடையதா என்று ஒப்பிட்ட பிறகுதான் ஆம் சொல்ல வேண்டும். யார் வாசிப்பவர், யார் எழுதுபவர் என்பது மாறினால் வெறுங்கொப்பியைப் பார்த்து நிரம்பிய கொப்பியை அழித்ததாகிவிடும். பிறகு பெட்டியைத் தனியாக விடுங்கள். அன்றிரவு பிள்ளைகள் அதிலிருந்து படம் பார்க்க வேண்டாம்.

8. முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. நிலை ஹெல்தி என்று வந்ததா பாருங்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் சோதனையின் நீண்ட வடிவத்தைக் கொடுங்கள். அதில் ரீஅலொகேட்டட், பென்டிங் என்ற இரண்டு வரிகளில் 0 இருக்க வேண்டும். கிழவன் டிஸ்க்கில் அந்த எண் கூடிக்கொண்டு போனால் அதையும் மாற்றக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். டிஸ்க் பழுதானால் ஈமெயிலில் அறிவிக்கும் வசதி பெட்டியில் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அலுமாரிக்கு மேல் சிவப்பு லைட் மாதக்கணக்கில் எரிந்தாலும் யாரும் பார்க்காத வீடுகள் உண்டு.

கழற்றிய டிஸ்க்கைக் குப்பையில் போடாதீர்கள், பழைய சாமான்காரருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டி ஏற்காத டிஸ்க்கிலிருந்தும் தெரிந்தவர்கள் படங்களை எடுப்பார்கள். அதில் எமது வீட்டுப் பெண்களின் படங்களும் அடையாள அட்டைகளும் இருக்கின்றன. ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்து, இனித் தேவையில்லை என்று உறுதியான பிறகு உள்ளே இருக்கும் தட்டுகளை உடைத்துவிட்டு எறியுங்கள்.

இன்னுமொன்று. கொப்பி எடுக்கும்போதே மிஞ்சிய டிஸ்க்கும் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கினால் உடனே ஓஃப் பண்ணுங்கள். ப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று வட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தைச் செய்யாதீர்கள். ஈரம் உள்ளே போனால் பிறகு நிபுணராலும் முடியாது. அந்த நிலையில் தரவு மீட்கும் வேலையைத் தொழிலாகச் செய்பவரிடம்தான் போக வேண்டும். செலவு கடுமையாக இருக்கும். ஒரு வெளி டிஸ்க்கின் விலை எவ்வளவு மலிவு என்று அன்றைக்குத்தான் விளங்கும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத கருத்து ஒன்றைச் சொல்கிறோம்.

இரண்டு டிஸ்க் வாங்க மட்டும் காசு இருக்கும் வீட்டுக்கு மிரர் தேவையில்லை. ஒன்றைப் பாவியுங்கள். மற்றதில் கிழமைக்கு ஒரு முறை கொப்பி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மிரரின் உண்மையான பயன் வேலை நிற்காமல் இருப்பது. மருந்தகத்துக்கும் அச்சகத்துக்கும் அது தேவை, ஒரு மணித்தியாலம் நின்றாலும் நட்டம். வீட்டில் கல்யாணப் படங்களை இரண்டு நாள் பார்க்க முடியாவிட்டால் என்ன குறை? வீட்டின் பயம் வேலை நிற்பதல்ல, படங்கள் இல்லாமலே போவது. அந்தப் பயத்துக்கு மருந்து தனியாக இருக்கும் கொப்பிதான். மூன்றாவது டிஸ்க்குக்கும் காசு இருந்தால் மிரரும் வைத்துக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் கொப்பியை விட்டுவிட்டு மிரரை வாங்குவது, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது போன்றது.

"எல்லாம் கிளவுட்டில் இருக்கிறதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் போட்டோஸில் எவ்வளவும் இலவசமாக வைக்கலாம் என்ற காலம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்தது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகா பைட், அதையும் ஜிமெயில் பங்கு கேட்கிறது. காசு கட்டுபவர்களுக்கு அது நல்ல இரண்டாவது இடம், நாம் மறுக்கவில்லை. மாதக் கட்டணத்தை டொலரில் கட்ட முடியாதவர்களுக்கு அயல் வீட்டு அலுமாரியே கிளவுட்.

ஒரே இடத்தில் வைப்பதன் விலையை எமது மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இரவில் போயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சகோதரர்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. எத்தனையோ குடும்பங்கள் காணி உறுதியும் படங்களும் இல்லாமல்தான் புத்தளத்தில் வாழ்க்கையைத் தொடங்கின. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கு முன் தங்கள் உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் இல்லாதவர்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இன்றும் இருக்கிறார்கள். அன்று கொப்பி எடுக்க வழியிருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது.

குர்ஆன் பாதுகாக்கப்பட்ட வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானதும் அபூபக்கர் (ரழி) அவர்கள் காலத்தில் எழுத்தில் ஒன்றுதிரட்டப்பட்டது. உஸ்மான் (ரழி) அவர்கள் அதன் பிரதிகளை வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சிலும் இருந்தது, எழுத்திலும் இருந்தது, பல ஊர்களிலும் இருந்தது. பாதுகாப்பவன் அல்லாஹ்தான் என்று உறுதியாக நம்பிய அந்த மனிதர்கள்தான் பிரதிகளையும் அனுப்பினார்கள். தவக்குல் என்ற பெயரில் அசட்டையாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பெட்டியைப் பற்றி வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலும் ஒருவருக்குத்தான். பாஸ்வேர்ட் அவரது தலைக்குள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது ஒரு நாள் மௌத்தாகிவிடுகிறார். அப்போது இரண்டு டிஸ்க்கும் நன்றாகத்தான் ஓடும், திறக்கத்தான் யாருமில்லை. மிரர் பண்ண வேண்டியது டிஸ்க்கை மட்டுமல்ல, அதைப் பற்றிய அறிவையும்தான். பெட்டியின் பெயர், பாஸ்வேர்ட், இரண்டு டிஸ்க்கின் சீரியல் இலக்கங்கள், வாங்கிய திகதி, கொப்பி யாருடைய வீட்டில் இருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் காணி உறுதி இருக்கும் கோவையில் வையுங்கள். மனைவிக்கோ மகளுக்கோ ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். "அவக்கு இது விளங்காது" என்று தள்ளிவிடாதீர்கள். சிவப்பு லைட் எரியும் நாளில் வீட்டில் இருக்கப் போவது அவர்கள்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை நம்முடையவை மட்டுமல்ல. பெரியவர்கள் விட்டுப்போன குரல் இருக்கிறது, இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. நம் கையில் இருப்பது அமானிதம்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு ஒரு வேலை செய்யுங்கள். பெட்டிக்குள் போய் இரண்டு டிஸ்க்கின் நிலையையும் பாருங்கள், கடைசியாகக் கொப்பி எடுத்த திகதியையும் பாருங்கள். திகதி ஞாபகம் வராவிட்டால் கொப்பி இல்லையென்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆரம்பியுங்கள்.

பிரயோசனம் என்று நினைப்பவர்கள் பகிருங்கள். டிஸ்க் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். அல்லாஹ் எல்லோருடைய அமானிதங்களையும் பாதுகாப்பானாக.